இருநூற்றுப் பதின்மூன்றாவது சோதனை

நாற்பத்தொன்று பாஸ். நாற்பத்திரண்டு பாஸ். மொத்தம் முந்நூற்று நாற்பது சோதனை. ஒன்றரைக்கு ஓட விட்டேன், இந்த வேகத்தில் போனால் மூன்றரைக்கு முடியும், ஆராய்ச்சிக் கமிட்டி நான்கு மணிக்குத்தான், நேரம் இருக்கிறது. யாருக்கு நேரம் இருக்கிறது? எனக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கடிதம் எழுதுகிற உலகம்மாளுக்கா? வெளியே வைகாசி வெயில் தாரை உருக்குகிறது. இங்கே சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி. இந்தத் திருநெல்வேலி ஜில்லாவிலேயே இந்த மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரே மனுஷன் நானாகத்தான் இருப்பேன். மெஷின்களின் இரைச்சலில் என் மூச்சு எனக்கே கேட்காது, அதனால்தான் பதினாறு வருஷமாக இந்த அறை எனக்குப் பிடித்துப்போய்விட்டதோ என்னவோ. ஐம்பத்தாறு பாஸ். அவள் ஒரு வரி எழுதுகிறாள், நிறுத்துகிறாள், அடிக்கிறாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும், போன வாரமே அவள் வாயாலேயே சொன்னாள். குளத்துக் கரையில் இறக்கியிருக்கிற குழாய்களில் நீர்மட்டம் அளந்ததில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது, இரண்டு வருட அளவுகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மறுபடி அளக்க ஒரு வருடம் நீட்டிப்பு தர வேண்டுகிறேன். கீழே கையெழுத்து. நீட்டிப்பு கொடுத்தால் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் ஆறு வருஷ ஆராய்ச்சியை மூட்டை கட்டிக்கொண்டு முப்பத்தாறு வயதில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதுவும் கவனமில்லாதவள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு. அந்தப் பிழை அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். இல்லை, தெரியாது. சந்தேகம்தான். சந்தேகப்படுவதும் தெரிந்திருப்பதும் வேறு வேறு, இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதத்தை ஓட்டியிருக்கிறேன். அறுபது பாஸ்.

பெரிய பெயர் ஒன்று உண்டு, ஆனால் இங்கே எல்லோரும் அதை சால்வர் என்றுதான் சொல்வோம். ஒரு மண்கரையைக் கொடுத்தால் அதைப் பல்லாயிரம் துண்டாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் தண்ணீர் எப்படிக் கசியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள். அதை இந்தப் புது சர்வரில் ஏற்றியவன் நான். அமலதாஸ், சிஸ்டம் அட்மின். போன வருஷம் தை மாதம், ஒரு புதன்கிழமை. கணினி மையத்துக்கு டைரக்டர் சிதம்பரநாதன் சார், உலகம்மாளுக்கு கைடும் அவர்தான், முந்தின வாரமே காலண்டரைக் கிழித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ஒம்பதேகால்லருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். தாளாளர் வந்து என்டர் தட்டுதாரு. பத்தேகாலைத் தாண்டக் கூடாது வே, பாத்துக்கிடும்." எனக்கு நல்ல நேரத்திலும் ராகுகாலத்திலும் நம்பிக்கை கிடையாது, வேதக்கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவன். நம்பிக்கை இருந்திருந்தாலாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். அன்றைக்கு சர்வருக்கு மாலை போட்டார்கள். அதற்கு நெற்றி எது என்று தெரியாமல் அட்டெண்டர் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தார். உள்ளே கற்பூரம் ஏற்றினால் அலாரம் அலறும் என்று வராந்தாவில் ஏற்றி, தட்டை மட்டும் கதவு வரைக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். நான் வியர்த்துப்போய் நின்றேன், பதினெட்டு டிகிரியில். ஏனென்றால் நிரலை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைல் முடிந்ததே ஒன்பது இருபதுக்குத்தான். வேகம் கூட்டுவதற்கு ஓர் ஆப்ஷன் உண்டு, தாளாளர் தட்டினதும் படம் பளிச்சென்று வரட்டும் என்று அதையும் போட்டிருந்தேன். அதைப் போட்டால் சோதனைகள் முழுவதையும் ஓட்டிப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்காதே என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. தடித்த எழுத்து என்பதால் நன்றாகவே கண்ணில் பட்டது. முந்நூற்று நாற்பது சோதனை, இரண்டு மணி நேரம். ஓட்டிவிட்டுத்தான் தருவேன் என்றால் பதினொன்றரை ஆகும், அப்புறம் பன்னிரண்டுக்கு ராகுகாலம். முந்தின நாள் சாயந்தரமே கம்பைல் பண்ணி ஓட விட்டிருக்கலாம். ஐந்து மணிக்கு நல்ல நெய்மீன் வந்திருக்கிறது என்று மச்சான் போன் பண்ணினான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். "டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சா?" என்று சார் கேட்டார், தாளாளர் காதுபடத்தான் கேட்டார். "பண்ணியாச்சு சார்." வாயில் எச்சில் கூட வறளவில்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. ஒப்படைப்புப் படிவத்திலும் சோதனைகள் என்ற இடத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளாளர் ஒன்பது நாற்பதுக்கு என்டர் தட்டினார். நீலமும் சிவப்புமாக ஒரு கரை திரையில் விரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

நூற்றிரண்டு பாஸ். எல்லாமே பாஸ் ஆகிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் சொன்னது பொய்யே இல்லை, முன்கூட்டிச் சொன்ன உண்மை, அப்படித்தானே? அப்படி ஆனால் உலகம்மாள்தான் தப்பாக அளந்தாள் என்று ஆகும். ஆக நான் இப்போது எதற்காக ஜெபம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவள் தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று. ஆண்டவரே, என்ன ஜென்மம் நான். நூற்று எட்டு பாஸ். போன புரட்டாசியில் குளத்துக் கரை பற்றி நடந்த கூட்டத்தில் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் நானும் அந்த அறையில்தான் இருந்தேன். சிதம்பரநாதன் சார் கரையின் படத்தைக் காட்டி விளக்கினார். பொதுப்பணித் துறையிலிருந்து வந்த ஓர் இன்ஜினியர், நரைத்த மீசைக்காரர், கையைத் தூக்கினார். ஏழாம் நம்பர் குழாயில் மூன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று உங்கள் மாணவியே அளந்து எழுதியிருக்கிறாள், உங்கள் கணக்கு இரண்டு மீட்டர் என்கிறது, இதில் எதை நம்பி நாங்கள் கரையை அப்படியே விடுவது என்று கேட்டார். சத்தமே போடாமல் கேட்டார். சாருக்கு முகம் கறுத்துப்போயிற்று. கடைசி வரிசையைப் பார்த்து, "அளந்தது யாரும்மா?" என்றார். உலகம்மாள் எழுந்து நின்றாள். "நாந்தான் சார்." "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. நீ டேப்பை ஒழுங்கா விட்டிருக்க மாட்ட." ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, இல்ல சார், மூணு தடவ பாத்தேன் சார், என்று தொடங்கி முடிக்காமல் உட்கார்ந்தாள். எனக்கு அந்த நிமிஷமே கையேடு ஞாபகம் வந்தது. தடித்த எழுத்து. வேக ஆப்ஷன். துண்டுகள் மெல்லியதாக இருந்தால் அந்த ஆப்ஷன் காலை வாரிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கரையின் நடுவில் இருக்கிற களிமண் சுவரை அவள் மெல்லிய துண்டுகளாகத்தான் வெட்டுவாள், அதுவும் எனக்குத் தெரியும், நான்தான் அவளுக்கு வெட்டச் சொல்லிக் கொடுத்தேன். கையில் ரிமோட் இருந்தது. அடுத்த படத்துக்கான பட்டனை அமுக்கினேன். மனுஷன் செய்கிற காரியமா அது?

அன்றைக்கே சாயந்தரம் வந்து ஓட்டியிருக்கலாம். இரண்டு மணி நேரக் காரியம். ஓட்டினேனா? ஐப்பசியில் மழை என்று காரணம், கரண்ட் போய்ப் போய் வந்தது. அந்த மழையில் ராத்திரி ஒவ்வொரு இடிக்கும் அந்தக் கரைதான் ஞாபகம் வந்தது, அதற்குக் கீழே இருக்கிற தெருக்கள், ஏழாம் நம்பர் குழாய். கரை நின்றது, என்னாலா நின்றது? அப்புறம் கிறிஸ்துமஸ். அப்புறம் சர்வரில் எப்போதும் யாராவது எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், சோதனை விட்டால் அவர்கள் வேலை தாமதமாகும், பாவம். பாவம் பார்க்கிறேனாம். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பூசைக்குத் தவறினது, கோபப்பட்டது, பெண்டாட்டியிடம் மறைத்து சிகரெட் பிடித்தது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சாமியாருக்கு சால்வர் என்றால் என்ன என்று முதலில் விளக்க வேண்டுமே, பின்னால் இருபது பேர் நிற்கிறார்களே என்று சமாதானம். சாமியாரும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மூன்றையும் இதற்கும் சேர்த்துச் சொன்னதாக வைத்துக்கொண்டேன். நூற்று ஐம்பது பாஸ். பங்குனியில் ஒரு நாள் அவள் வந்து, "அண்ணே, பழைய சர்வர்ல இதே கணக்க ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். எவ்வளவு சரியான கேள்வி! அதைக் கேட்க அவளுக்குத் தோன்றியது. பழைய மெஷின், வேக ஆப்ஷன் போடாத சால்வரோடு, ஸ்டோர் ரூமில் துணி போர்த்திக் கிடந்தது, பிளக்கை மாட்டினால் ஓடும். "அதெல்லாம் அழிச்சாச்சும்மா," என்றேன். அன்று மதியமே போய் நிஜமாகவே அழித்தேன், சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது என்று. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சோதனையை ஓட்டாதவரை நான் சோம்பேறிதான். ஓட்டிவிட்டால்தான் நான் யார் என்று தெரியும். போன வாரம் அவள் இந்தக் கடித விஷயத்தைச் சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. அதற்குப் பிறகும் ஆறு நாள் கடத்திவிட்டு, கடைசி நாள் மதியம், சோறு உண்ணாமல், இதோ.

கண்ணாடியைத் தட்டுகிறாள். இரண்டு பேப்பர் கப்பில் டீ, ஒன்றை முழங்கையால் அணைத்தபடி. திரையை மறைக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவளுக்கு அது என்ன என்று தெரியப்போவதில்லை, ஆனாலும் திருப்பினேன். "நீங்க சாப்பிடக்கூடப் போவலியே அண்ணே, அதான் கேன்டீன்ல வாங்கியாந்தேன். என்ன, ஏதும் ரிப்பேரா?" "சும்மா, மெயின்டனன்ஸ்." "இந்த லெட்டர்ல தேதி மேல போடணுமா, கீழயா?" "மேல." மேலே போடணும் என்று சொல்லிக் கொடுக்கிறேன், பாருங்கள். அவள் போகவில்லை. குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கை முழுக்கக் கறுத்திருந்தது, முழங்கைக்குக் கீழே வேறு நிறம். சித்திரை வெயிலில் மறுபடி போய் எல்லாக் குழாயையும் அளந்திருக்கிறாள், யாரும் சொல்லாமலேயே. "இந்தத் தடவையும் அதே மாதிரிதான் அண்ணே வருது. ஏழாம் நம்பர்ல டேப்ப விடுதேன், தண்ணியத் தொட்டதும் விசில் சத்தம் வருது, பாத்தா அதே அளவுதான். எழுதவே பயமா இருக்கு. நான்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே தப்பப் பண்ணுதேனோன்னு இப்ப எனக்கே சந்தேகம் வந்துட்டு." "அப்படில்லாம் இருக்காது." "வீட்லயும் அப்படித்தான் ஆயிட்டு. அடுப்புல பால் பொங்குனாலும், இதுலயும் கவனமில்லியான்னு கேக்காக அவுக. நானும் ஒண்ணும் பதில் சொல்லுததில்ல." அவுக என்றால் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் லைன்மேன், ஒரு தடவை மழையில் குடையோடு இவளைக் கூட்டிப்போக வந்து என்னிடம் வணக்கம் சொல்லியிருக்கிறார். "சரிண்ணே, ஆறிரும், குடிங்க." போய்விட்டாள். டீ நன்றாக இருந்தது. சர்க்கரை தூக்கலாக, எனக்குப் பிடித்த மாதிரி சொல்லி வாங்கியிருக்கிறாள். இதைக் குடித்தால் நெஞ்சு எரியும் என்று நினைத்தேன், எரியவில்லை, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாஸ். இருநூற்றுப் பதின்மூன்று. நிற்கிறது. ஒரு விநாடி, இரண்டு, மூன்று. ஃபெயில். சிவப்பெழுத்து. இருநூற்றுப் பதினான்கும் ஃபெயில், அதற்கடுத்ததும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பாஸ், பாஸ், பாஸ். மணி இரண்டே முக்கால். இருநூற்றுப் பதின்மூன்றில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிறேன், பார்க்காமலேயே தெரியும். கசிவு, மெல்லிய அடுக்கு, வர வேண்டிய விடையில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்திருக்கிறது, ஏழாம் நம்பர் குழாயில் வந்த மாதிரியே. அவள் அளந்தது சரி. மூன்று தடவையும் சரி, சித்திரையில் வெயிலில் நின்று அளந்ததும் சரி. இப்போது வேறொரு யோசனை வருகிறது, எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள், குளித்துச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வருகிறது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் பண்ணு, பழையதற்கு மேல் போடு, இருபது நிமிஷம். அடுத்த தடவை அவள் ஓட்டும்போது கணக்கும் குழாயும் ஒன்றாக வந்துவிடும். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஜூனில் என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்க வேண்டும், சின்னவளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. ஆனால் கமிட்டி நான்கு மணிக்கு, அதற்குள் கடிதம் போய்விடும். போனால் என்ன, நீட்டிப்பு கொடுப்பார்கள், ஒரு வருஷம் மறுபடி அளப்பாள், எல்லாம் பொருந்தும், பாத்தியாம்மா, ஒழுங்கா அளந்தா சரியா வருது பாரு, என்று சார் சொல்வார். அவள் தலையை ஆட்டுவாள். ஆமா சார், அப்போ நான்தான் கவனமில்லாம இருந்துட்டேன் என்பாள். அதை நம்பவும் செய்வாள். சாகிறவரை பால் பொங்கும்போதெல்லாம் நம்புவாள். நான் தப்பைத் திருத்துகிற திருத்தத்திலேயே அவள் மேல் அதை நிரந்தரமாக எழுதி வைத்துவிடுவேன், ஒருத்தருக்கும் தெரியாமல், நல்லது செய்தவன் போல. இல்லை, அது முடியாது. அவ்வளவு தூரம் போக என்னால் முடியாது. முடியாது என்று சொல்லிக்கொண்டே கம்பைல் கமாண்டைப் பாதி அடித்திருந்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். மூன்று மணி. மூன்று பத்து. இருநூற்றுத் தொண்ணூறு பாஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கடிதத்தை ஒரு முறை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடினாள், எதையோ முடித்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தாள். முந்நூற்று நாற்பது. பாஸ் முந்நூற்று முப்பத்தேழு, ஃபெயில் மூன்று. பிரின்ட் கொடுத்தேன். பிரின்டர் அவள் பக்கத்தில்தான் இருக்கிறது, அது இரைய ஆரம்பித்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் போய்த்தான் ஆக வேண்டும், போனேன்.

"உலகு, அந்த லெட்டரக் கொடுக்காத," என்றேன். தாளை அவள் கையில் கொடுத்து இருநூற்றுப் பதின்மூன்றைக் காட்டினேன். தப்பு சால்வரில், ஒரு ஆப்ஷனில், நீ அளந்தது எல்லாம் சரி. கோர்வையாகச் சொன்னேனா, உளறினேனா, தெரியாது. அவள் அந்தச் சிவப்பு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வாக்கியத்தைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்திருந்தேன்: ஏற்றினவன் நான், சோதிக்கவில்லை, சோதித்தேன் என்று சொன்னேன், எட்டு மாதமாக எனக்குத் தெரியும். அவள் நிமிர்ந்தாள். "இது எப்பண்ணே தெரிஞ்சது?" இதுதான் அந்த இடம். அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் உள்ளே கால் வைத்தால் போதும். "இப்பதான்," என்றேன். "இப்ப ஓட்டிப் பாத்ததுலதான்." அது உண்மையும்கூட, அதுதான் கொடுமை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இதுக்குத்தான் சாப்பிடக்கூடப் போவாம இருந்தியளா?" சிதம்பரநாதன் சார் ஃபைலோடு கமிட்டி அறைக்குப் போய்க்கொண்டிருந்தவர் நின்றார், தாளை வாங்கினார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். "அன்னைக்கே டெஸ்ட் பண்ணினோமே வே?" "நடுவுல ஏதோ அப்டேட்ல மாறியிருக்கும் சார்." அதுவும் வந்தது, எச்சில் வறளாமல். அவர் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார், பிறகு உலகம்மாளைப் பார்க்காமல், "அந்த லெட்டர் வேண்டாம்மா, நான் பேசிக்கிடுதேன்," என்றார். என் தோளில் தட்டினார். "நல்ல வேல பாத்தீரு. அமலதாஸ் கண்டுபிடிச்சாருன்னு கமிட்டி மினிட்ஸ்ல போடச் சொல்லுதேன்." அவள் அதற்குள் வீட்டுக்கு போன் போட்டிருந்தாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஏதேதோ சொன்னாள், அமலதாஸ் அண்ணன், அமலதாஸ் அண்ணன் என்று நாலைந்து தடவை காதில் விழுந்தது. பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். "பேசுங்கண்ணே, அவுக பேசணுங்காக." வாங்கிக் காதில் வைத்தேன். முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது, எங்கேயோ கம்பத்தடியில் நிற்கிறார் போல. "சார், நீங்க நல்லாருக்கணும்," என்றார் ஆவுடையப்பன். "எட்டு மாசமா அவளத்தான் சார் ஏசிக்கிட்டே கெடந்தேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவ. எல்லாரும் சொல்லுதாகளேன்னு நானும் நம்பிட்டேன். இனி அவ மொகத்துல எப்படி முழிக்கன்னு தெரியல. இத யார்ட்ட சொல்லன்னும் தெரியல, அதான் உங்கள்ட்ட சொல்லுதேன்." குரல் உடைந்தது. உலகம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு. நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "விடுங்க," என்றேன். "அதுக்குப் போயி வருத்தப்படாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்."